கண்ணை மூடினால் வரும் வாசனை

மறுபடியும் அந்த வாசனை. தையல்காரர் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது நர்ஸின் உத்தரவு.

"சிகரெட் ஆசை வந்தா விரட்டாதீங்க சார். வருதுன்னு கவனிங்க, அதுவா போயிடும்."

தொண்டையிலிருந்து புற்றுநோய்க் கட்டியை எடுத்து ஆறு மாதம். சிகரெட் அறவே கூடாது. மது, வாரத்துக்கு ஒரு சின்ன கிளாஸ். மீறினால் குரலே போய்விடும் என்று டாக்டர் அவர் கழுத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டியிருந்தார், துணியில் வெட்ட வேண்டிய இடத்தைக் குறிப்பதுபோல.

மிச்சமிருந்த ஒரு பெட்டி சிகரெட்டை அன்றே மனைவியிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலை ஐந்து நிமிடம் நாற்காலியில் கண்மூடல்.

"ஏம்மா, புகை நாத்தம் வருதா?"

"ஒண்ணும் வரலயே. எல்லாம் உங்க மனசு." ஏலக்காயை மென்றபடி சமையலறையிலிருந்து வந்தாள் மனைவி. ஆப்பரேஷன் சமயத்தில் பதறிக் கிடந்தவள். இப்போதெல்லாம் நல்ல நிதானம்.

நர்ஸுக்குப் போன் செய்தார். "பத்து நிமிஷமாக்குங்க" என்றாள்.

பத்து நிமிடத்தில் ஒரு சிகரெட் முழுதாக மணத்தது. இருபதாக்கினார். இரண்டு மணத்தன.

போதாக்குறைக்கு அலமாரியிலிருந்த மது பாட்டில். சாக்பீஸால் அவர் போட்ட கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. முப்பது வருடத்தில் ஒரு சட்டைக்கும் அளவு தப்பாதவர் அவர்.

"தூக்கத்துல நானே எந்திரிச்சு ஏதாவது பண்றேனோ?"

"பண்ணாலும் பண்ணுவீங்க. இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலா உக்காருங்க" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அரை மணி நேரம் உட்கார்ந்தார். இருமலே வந்துவிட்டது.

மறுநாள் மனைவியோடு போன மருத்துவமனையில் நர்ஸ் ஒரு சின்னக் கருவியை நீட்டினாள். ஊதுகிறவர் புகை பிடித்திருந்தால் எண் பத்தைத் தாண்டிவிடும். மூச்சை இழுத்து ஊதினார்.

மூன்று.

"சுத்தம் சார்! நீங்க தொடவே இல்ல."

தையல்காரருக்குக் கண் கலங்கியது. "அப்ப எல்லாம் மனசுதான். இவ அப்பவே சொன்னா."

"வீட்ல இருக்கவங்களுக்கும் பாக்கணும். அம்மா, நீங்க ஊதுங்க."

"எனக்கெதுக்கு? அடுப்புல பால் வெச்சுட்டு வந்திருக்கேன்."

"ஒரே ஒரு ஊதுதாம்மா."

ஊதினாள். இருபத்திரண்டு.

மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். நர்ஸ் தையல்காரரைப் பார்த்தாள்.

"சார், நாளையிலேருந்து கண்ணத் திறந்து வெச்சுக்கிட்டே உக்காருங்க."