அடிபடாத செலிகா

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். கோலா சிலாங்கூருக்குப் பஸ் ஏறி, ஆசிரியர் பயிற்சி விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்க வேண்டும். கடைசி நாள். நாலு மணிக்குத் தபால் நிலையம் மூடிவிடும்.

மூன்றரைக்கு இறங்கினேன். நேராகப் போயிருக்கலாம். போனேனா?

காப்பிக்கடை முன்னால் ஒரு சிவப்பு செலிகா! அகல டயர், பின்னால் இறக்கை, தரையைத் தடவுகிற மாதிரி தாழ்த்திய உடம்பு. இப்படி மாற்றிக் கட்டிய ஜப்பான் கார்களின் நம்பரை எழுதி வைப்பது என் ரகசியப் பைத்தியம். நோட்டு வீட்டில். கையில் இருந்தது விண்ணப்ப உறை. அதன் மூலையில் எழுதினேன்.

"என்னா தங்கச்சி, காடி நம்பரா?"

எங்கள் எஸ்டேட்டில் வேலை வாங்கும் மண்டோரின் மனைவி பாப்பாத்தி அக்கா. செலிகாவைக் குனிந்து பார்த்தார்.

"ஐயோ, இப்படி அமுங்கிப் போச்சே! பலத்த அடி லா!"

அடிபட்ட காரின் நம்பருக்கு லாட்டரியில் யோகம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. 'அடிபடலைக்கா, ஆசைக்குத் தாழ்த்தியிருக்காங்க' என்று சொல்லலாம். 'உனக்கெப்படித் தெரியும்?' என்று கேட்பார். நான் கார் பார்த்துத் திரிகிற கதை பொழுது சாய்வதற்குள் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிடும். 

அக்கா உறையைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்திலிருந்த லாட்டரி நம்பர் கடைக்கு ஓடினார். பின்னாலேயே நான்.

"அக்கா, அது என்னோட அப்ளிகேஷன் பாரம்..."

"பயப்படாதே, அடிச்சா உனக்கும் பங்கு உண்டு!"

வரிசை முழுக்க உறை கைமாறியது. ஒருவர் நம்பரைத் திருப்பிப் போட்டு எழுதினார். இன்னொருவர், தன் கனவில் வந்த நம்பரையும் பக்கத்தில் சேர்த்தார்.

சத்தம் கேட்டுக் காப்பிக்கடையிலிருந்து கார்க்காரர் வந்தார். "யாருங்க அடிபட்டுச்சுன்னது? நானே ஸ்பிரிங் வெட்டி இறக்கினது!"

"பாவம்," என்றார் அக்கா. "அதிர்ச்சியில பேசுது."

வரிசையே சிரித்தது. அந்தச் சந்தடியில் உறையை மீட்டுக்கொண்டு ஓடினேன். நாலாக இரண்டு நிமிடம். கவுண்டர் ஊழியர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எது போஸ்கோட்?" என்று மலாயில் அஞ்சல் குறியீட்டைக் கேட்டார்.

"அஞ்சு இலக்கம் இருக்கிறதுதான், மத்ததெல்லாம் லாட்டரிக்கு," என்று முனகினேன்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. லயத்தில் ஒருவரும் வாழ்த்தவில்லை. அந்த வாரம் நம்பர் விழவில்லையே!

"அந்தப் பொண்ணு காட்டுன காடி," என்று இன்னமும் குறைப்படுகிறார் பாப்பாத்தி அக்கா, "சரியா அடிபடல."