மரியாதைக்கு ஒரு வாய்

அடுத்தவர் வீட்டில் மரியாதைக்குச் சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது என்று ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நான் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். நானாகக் கேட்டு வாங்கித் தின்றால்தான் அது சாப்பாடு. அவர்களாகக் கொண்டுவந்து நீட்டி, நான் ஒருமுறை வேண்டாமுங்க என்று சொல்லி, அவர்கள் அதெல்லாம் ஆகாதுங்க என்று சொல்லி, அப்புறம் வாய்க்குள் போவதற்குப் பெயர் பழக்கவழக்கம். பழக்கவழக்கத்தில் ஏது கலோரி?

இந்த ஞானத்தைச் சுக்குநூறாக்கியவர் எடைமேடை. கோயமுத்தூர் ஜில்லாவில் மூச்சுவிடுகிற எந்த ஜீவனையும் கண்ணாலேயே நிறுத்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

தொண்டாமுத்தூர் ரோட்டில், லாரியை அப்படியே மேலே ஏற்றி எடைபோடும் மேடை ஒன்று அவருக்குச் சொந்தம். அதனால்தான் அந்தப் பேர். தேங்காய் லோடும் தக்காளி லோடும் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவருக்கு மனிதர்களும் வண்டிகளாகவே தெரிய ஆரம்பித்துவிட்டார்கள். யார் பேரும் நினைவில் நிற்காது. "வாங்க எழுவத்தாறு, சௌக்கியங்களா?" என்பார். எழுபத்தாறு தலையைக் குனிந்துகொண்டு, ஆமாங்க, ஊட்டு மிஷின்லயும் அதேதான் காட்டுச்சு என்று ஒப்புக்கொண்டு போவார்.

எங்கள் வீதியில் பெண்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அடுத்த வீட்டு மருமகள் ஆடிக்குப் பிறந்த வீடு போய்த் திரும்பியபோது, ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் பிடித்துக்கொண்டார். "ஏனுங் அம்மணி, போறப்ப அம்பத்தாறு, இப்ப அறுவது. அம்மா ஊட்டுல நல்ல கவனிப்பாட்டருக்குது." அந்தப் பெண் ஒரு வாரம் வாசலுக்கே வரவில்லை. மாமியார் மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினார்.

எனக்கு அப்போது குடல் இறங்கியிருந்தது. டாக்டர் பாஷையில் ஹெர்னியா. தும்மல் வந்தால் ஒரு கையால் மூக்கையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டரில் போகும்போது தும்மல் வந்தால் ஹேண்டில்பாருக்குக் கை மிச்சமில்லை. எண்பத்தைந்து கிலோவுக்குக் கீழே வந்தால்தான் கத்தியைத் தொடுவேன், இந்தக் கொழுப்பில் தையல் நிற்காது என்றார் டாக்டர். அதற்குள் குடல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதையும் அடுத்த ஆளின் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் தொண்ணூற்றேழு. டயட்டீசியன் ஒரு சென்னைப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்து ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி என்று எழுதிக் கொடுத்தாள். எடை சரசரவென்று இறங்கியது. பழைய பேண்ட்டுகளைப் பரணிலிருந்து எடுத்தேன். போகிற வீட்டிலெல்லாம் இலவச ஆலோசனை வழங்கினேன். எண்பத்தொன்பதில் வந்து நின்றது. நின்றது என்றால், பஞ்சரான லாரி நடுரோட்டில் நிற்குமே, அப்படி.

முதலில் மிஷினைச் சந்தேகப்பட்டேன். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். சமையல்கட்டில் வைத்து ஏறினேன், பூஜை அறையில் வைத்து ஏறினேன், மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினேன். இன்னொரு மிஷின் வாங்கினேன். அதுவும் எண்பத்தொன்பது என்றது. இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டன என்று மனைவியிடம் முறையிட்டேன்.

"ஏனுங்க, மூணாவதா ஒண்ணு வாங்கி ஓட்டெடுப்பு நடத்திப் பாத்தரலாமுங்களா?" என்றாள்.

பிறகு பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குப் புத்தி இரண்டு மடங்கு வேலை செய்யும், தப்பான பக்கம். யாரையும் கேட்காமல் கலோரியை வெட்டினேன். ஆயிரத்து நானூறு, ஆயிரம், அப்புறம் எண்ணூறு. மத்தியானம் ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். மனைவி வைத்த அரிசிம்பருப்புச் சாதத்தின் வாசனைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஃபேனோடு சண்டை போட்டேன். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பாலிசி முடியும்போது என்ன கிடைக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு, ரெண்டு இட்லி என்று பதில் சொன்னேன். அப்போதும் மிஷின் எண்பத்தொன்பது.

ஒருநாள் காலை நடையில் எடைமேடை என்னை மறித்தார்.

"தம்பி, ரொம்ப நாளா எம்பத்தொம்போதுலயே நிக்கறீங்களே. பிரேக் புடிச்சுக்கிச்சுங்களா?"

நடுரோட்டில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குடல், தையல், சப்பாத்தி, எதையும் விடவில்லை. கேட்டு முடித்துவிட்டு, நாளைக்கு நீங்க பாலிசிக்கு ஊடு ஊடாப் போறப்ப நானும் லைனுக்கு வாரேன் என்றார். மேடையை மகன் பார்த்துக்கொண்டதால் அவருக்கு ஊரிலுள்ள அத்தனை நேரமும் சொந்தம்.

முதல் வீடு தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டம். முந்தின வாரம் யானை புகுந்து நாலு தென்னையைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அந்த வீட்டம்மா கதையைச் சொல்லிக்கொண்டே தட்டில் வெல்லம் போட்டுப் பொரித்த கச்சாயம் வைத்தார். யானைக் கதை கேட்கும்போது கை சும்மா இருக்குமா? யானை வேலியைத் தாண்டும்போது ஒன்று, தென்னையில் முதுகைத் தேய்க்கும்போது ஒன்று, பட்டாசு போட்டதும் திரும்பிப் பார்த்தபோது பயத்தில் இரண்டு. அடுத்த வீட்டில் திக்கான காப்பி. அதற்கடுத்த வீட்டில் கடலை உருண்டை. அப்புறம் ஒரு வீட்டில் விசேஷம் முடிந்து மிஞ்சிய ஒப்புட்டு, அதாவது போளி, மேலே நெய். லோடு ஏறுவதைப் பார்க்கிற மாதிரி எடைமேடை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"தம்பி, ஊட்டுல நீங்க பட்டினி கெடக்கறது வாஸ்தவமுங்க. ஆனா லோடு பூராவும் வழியில ஏத்தறீங்க."

"அது மரியாதைக்குங்ணா."

"நானும் அதைத்தானுங்க சொல்றேன். இன்னைக்கு மட்டும் ஒரு கிலோ மரியாதை உள்ள போயிருக்குது."

டயட்டீசியனிடம் அவரையும் கூட்டிப்போனேன். வாசலிலேயே "அறுவத்திரண்டுங்களா அம்மணி?" என்று கேட்டுவைத்தார். அவள் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, என் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். எட்டு கிலோ இறங்கிய உடம்புக்கு முன்னளவு தீனி தேவைப்படாது, அதனால் வேகம் குறைவது சகஜம்தான் என்றாள். அதற்காக ஆயிரத்தை வெட்டக்கூடாது, நூற்றைம்பதை வெட்டினால் போதும். ராத்திரி ஒரு கைப்பிடி சோறு குறைத்து, காலையில் கொஞ்சம் கூட நடந்துவிட்டு, ரெண்டு மூணு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். எண்ணூறில் கிடந்தால் தெம்பும் போகும், கச்சாயத்தைக் கண்டால் கையும் நிற்காது.

"மெயினா, வெளிய ஒரு வாய்கூட வேணாம் அங்கிள்" என்றாள்.

சென்னைப் பெண்ணுக்கு அது சொல்வது சுலபம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் வந்தால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். உடுமலைப்பேட்டையில் ஒரு வீட்டில் முயன்று பார்த்தேன், டாக்டர் வேண்டாமுன்னுட்டாருங்க என்று. அந்த வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. சரி, சர்க்கரை போடாத காப்பி என்றார். காப்பி வந்தது. துணைக்கு மூன்று ஒப்புட்டும் வந்தன.

அன்றைக்கு இதைக் கேட்ட எடைமேடை ஒரு முடிவு எடுத்தார். அதற்கப்புறம் தினமும் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் அவர்தான். எந்த வீட்டில் தட்டு வந்தாலும் முந்திக்கொள்வார்.

"தம்பிக்குக் குடல் எறங்கிப்போச்சுங் அம்மணி. அவருக்குண்டானதையும் எனக்கே வெச்சுப்போடுங்க. நாஞ் சாப்பிட்டா அவர் சாப்பிட்டாப்பலதான்."

வீட்டம்மாவுக்குத் தட்டு காலியானால் சரி. கோபமில்லை, மனத்தாங்கல் இல்லை. தனக்கு வைத்தது, எனக்கு வைத்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பங்கு அவர் வயிற்றுக்குள் போனது. ஒரே ஒரு வீட்டில்தான் கைகழுவும்போது வீட்டுக்காரரைப் பார்த்துத் "தொண்ணூத்திநாலு" என்றுவிட்டார். அந்தப் பாலிசி போனது போனதுதான்.

என் எடை அசைந்தது. முதலில் அரைக் கிலோ, பிறகு மெதுவாக எண்பத்தெட்டு, எண்பத்தேழு. நடுவில் ஒரு வாரம் மறுபடி நின்றபோது நான் மிஷினைக் கவிழ்க்கப் போனேன், மனைவி பிடுங்கி வைத்துக்கொண்டாள். இதற்கிடையே ஸ்கூட்டரின் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. எடைமேடையின் வீட்டம்மாதான் ஒருநாள் என்னை நிறுத்தி, எங்கூட்டுக்காரரு சட்டையெல்லாம் பொத்தான் பூட்ட மாட்டேங்குது, அவரை எங்க கூட்டிட்டுப் போறீங்க என்று கேட்டார். அவரிடமே போய், ஒருதரம் எடை பாருங்ணா என்றேன்.

"நான் எடை போடறவனுங்க தம்பி. எடைக்கு நிக்கறவனில்லீங்க."

ஆப்பரேசனுக்குச் சேர்ந்த அன்று நர்ஸ் என்னை மிஷினில் ஏற்றினாள். எண்பத்துநாலரை. நான் இறங்கியதும், கூட வந்திருந்த எடைமேடை யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நர்ஸ் சத்தமாகப் படித்துச் சொன்னாள்.

"இதுல மூணு கிலோ உங்களுதுங்க தம்பி" என்றார். "போச்சாது உடுங்க, உள்ள போயிட்டு வாங்க."

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது, தையல் நின்றுவிட்டது. அந்த மூன்று கிலோவை அவர் இன்னும் இறக்கவில்லை.