ஒரு சொட்டும் வராத பேக்கரி

அன்று காலை மன்னார்த் தீவில் சிங்கராசாவின் பேக்கரிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர்: உரிமையாளர் சிங்கராசா, பேக்கரியை நடத்தும் அவருடைய மகள் ஜெயனி, காப்புறுதி அலுவலர் டிலோஜன், அயல் சாட்சியாக ஒப்பம் வைக்க வந்த பக்கத்து இரும்புக்கடை முஹைதீன். வாசலில் கூட்டம் நின்றது என்று சொல்பவர்கள் அன்று அங்கே இருக்கவில்லை.

டிலோஜன் சுவரைத் தடவிப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

"தண்ணி நிண்ட அடையாளம் எங்க, ஐயா?"

ஜெயனி முந்திக்கொண்டாள். "நத்தாருக்கெண்டு அப்பா வெள்ளை அடிச்சிட்டார், சேர்."

"வெள்ளம் வத்தி ரெண்டு நாளிலயோ?"

"எப்பவோ அடிக்கத்தானே வேணும்," என்றார் சிங்கராசா.

நடந்தது இதுதான். கார்த்திகை வெள்ளம் முழங்கால் அளவுக்கு உள்ளே வந்து, மா மூட்டைகளையும் மா குழைக்கும் மெஷினின் மோட்டரையும் நாசமாக்கிவிட்டது. சிங்கராசாவோ ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, தன் தகப்பனார் மேடு பார்த்துக் கட்டிய கடைக்குள் என்றைக்குமே ஒரு சொட்டும் வந்ததில்லை என்று பங்குச் சனம் முழுவதற்கும் சொல்லிவிட்டார். வெள்ளத்தைப் படமெடுக்கவும் மகளை விடவில்லை. இதைப் பொய் என்பது முறையல்ல. குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது.

ஜெயனிக்கு வேறு கவலை. அப்பாவின் பேரில் காப்புறுதிக்கு விண்ணப்பம் போட்டது அவள்தான். காப்புறுதி கிடைக்காவிட்டால் புது மோட்டர் கிடையாது. மோட்டர் இல்லாமல் இருநூறு கிறிஸ்மஸ் கேக்குக்கு மா குழைக்க முடியாது. இந்த நத்தாரைத் தவறவிட்டால் பேக்கரியைப் பூட்டவேண்டியதுதான்.

"சரி ஐயா, தண்ணி எவ்வளவுக்கு வந்தது?"

"வாசற்படி மட்டும்."

"அப்ப உள்ளுக்கிருந்த மா எப்பிடி நனைஞ்சது?"

சிங்கராசா மேலே பார்த்தார். "கூரை ஒழுகினது."

"கூரை ஒழுக்குக்கு இதில காசு வராது. வெள்ளத்துக்கு மட்டுந்தான்." டிலோஜன் எழுதத் தொடங்கினார்.

"என்ன எழுதுறீங்கள்? எங்கட ஐயா போட்ட கூரை ஒழுகாது. அதை வெட்டுங்கோ."

"அப்ப?"

"குழாய் வெடிச்சது."

"அதுக்கும் வராது."

"அப்பா," என்றாள் ஜெயனி, "கொஞ்சம் பேசாம இருங்கோ."

"மோட்டர் எப்பிடிப் பழுதானது?"

"அது பழசு. தானா நிண்டது."

ஜெயனி அப்படியே மா மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நனைந்த மூட்டை அவளோடு சேர்ந்து அமுங்கியது. "போன மாசம் வாங்கின மோட்டர், அப்பா. பில் சேரின்ர கையில கிடக்கு."

டிலோஜன் பில்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு சிங்கராசாவைப் பார்த்தார்.

"ஐயா, வெள்ளம் வரேல்லை எண்டு நீங்களே சொல்றீங்கள். வெள்ளத்துக்குக் காசு கேட்டு விண்ணப்பமும் போட்டிருக்கிறீங்கள். இது பொலிஸ் வரைக்கும் போற விசயம்."

சிங்கராசா ஒரு அடி பின்வாங்கினார். "பொலிசோ? எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பொலிஸ் வாசல் மிதிச்சதில்லை."

"முழங்காலுக்குத் தண்ணி நிண்டது, சேர். நான் சொல்றன்தானே," என்றாள் ஜெயனி.

"நீங்கள் சொல்லிக் காணாது, தங்கச்சி. காப்புறுதி அப்பாவின்ர பேரில. அவர்தான் சொல்லோணும்."

ஜெயனி எழுந்து பாவாடையில் ஒட்டிய மாவைத் தட்டினாள். அவள் குரல் உயரவில்லை.

"சரி அப்பா. கேக் இல்லையெண்டு சனத்துக்கு நான் சொல்லிப்போட்டு வாறன். நாளைக்குக் கடைப் பூட்டின்ர திறப்பை உங்களிட்டத் தாறன். போறணை அடுப்புக்குள்ள உங்கட ஐயாவின்ர பேரைப் போட்டு வேக வையுங்கோ."

மகள் இப்படிப் பேசி சிங்கராசா கேட்டதில்லை. போறணைக்கு மேலே தொங்கிய தகப்பனாரின் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டு, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"எழுதுங்கோ. தண்ணி வந்தது. முழங்கால் மட்டும். எங்கட ஐயா கட்டின இந்தக் கடைக்கு, இந்த மேட்டுக்கு, இதுதான் முதல் தரம். அதையும் எழுதுங்கோ."

"அது தேவையில்லை, ஐயா."

"எனக்குத் தேவை."

டிலோஜன் எழுதினார். சிங்கராசா ஒப்பம் வைத்தார். ஜெயனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடதாசி முஹைதீனிடம் போனது. எண்பது வயதுக்காரர், ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுப் பேனையை மூடினார்.

"இதில நான் ஒப்பம் வைக்க ஏலாது, தம்பி."

"ஏன் நானா? தண்ணி வந்ததை நீங்களும் கண்டனீங்கள்தானே?" என்றார் சிங்கராசா.

"தண்ணி வந்தது சரி. முதல் தரம் எண்டது சும்மா ஊர்க்கதை. நீங்கள் பிறக்க முந்தி இதே இடத்தில இருந்த கடையை வெள்ளம் கொண்டுபோக, அரசாங்கம் குடுத்த வெள்ள நட்டஈட்டிலதான் உங்கட ஐயா இதைக் கட்டினவர். மனு எழுதிக் குடுத்தது எங்கட வாப்பா."