சத்தம் போடாத டிஸ்க்

"ஏட்டி, ஃபேனை நிப்பாட்டு. ஃப்ரிட்ஜையும் ஆஃப் பண்ணு," என்றார் குருநாதன். புது லேப்டாப்பின் மேல் காதை வைத்து, மேஜையில் கவிழ்ந்து கிடந்தார்.

மனைவி முத்துமாரி இரண்டையும் நிறுத்தினாள். "இப்ப என்னத்தக் கேக்கணும் உங்களுக்கு?"

"ஹார்டு டிஸ்க் சத்தம். உள்ள என்ன டிஸ்க்கை வச்சுருக்கான்னு தெரியணும்லா. வச்சானா இல்லையான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடைத் திருவிழா நோட்டீஸ் எல்லாம் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவர் குருநாதன். சங்கரன்கோவிலில் பாதிக் கல்யாணம் அவர் கீபோர்டு வழியாக நடந்ததுதான். அவருடைய பழைய கம்ப்யூட்டர் போன மாதம் ஓய்ந்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் செல்வக்குமார் இந்த லேப்டாப்பை அனுப்பியிருந்தான்.

பழையதில் 'சேவ்' கொடுத்தால் "கர்ர்ர்... கடக்" என்று ஒரு சத்தம் வரும். சில நேரம் உடனே வரும். சில நேரம் காத்துக் கிடக்க வேண்டும். பெரிய ஃபைலை விழுங்க நேரம் ஆகத்தானே செய்யும் என்று அவரும் பொறுமையாக இருப்பார். அதைக் கேட்டால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அதைக் கேட்டுத்தான் முத்துமாரி காபிக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். சின்னப் பிள்ளையில் செல்வக்குமார் அந்த மேஜைக்கு அடியில் படுத்து, அதைக் கேட்டபடியே தூங்கிப்போவான். நடுவில் மானிட்டர் மாறியது, கீபோர்டு மாறியது, ஒரு தடவை டிஸ்க்கே மாறியது. சத்தம் மட்டும் மாறவில்லை.

இப்போது மேலநீலிதநல்லூர் அம்மன் கொடைக்கு நோட்டீஸ் அடித்து முடித்து, சேவ் கொடுத்துவிட்டுக் காலையிலிருந்து காத்திருக்கிறார். ஒரு முனகல்கூட இல்லை. ஊர்க்காரர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பெயர் விட்டுப்போனாலும் கொடை நடக்காது, சண்டைதான் நடக்கும்.

மகனுக்குப் போன் போட்டார்.

"அப்பா, அது எஸ்.எஸ்.டி. உள்ள சுத்துற தட்டே கிடையாது. சத்தம் வராது."

"சுத்தாம எப்படிலே எழுத்து உள்ள போவும்?"

"போவும்பா. நம்பலைன்னா அது வந்த பெட்டியில போட்டிருக்கும், பாருங்க."

பெட்டியை முத்துமாரி நேற்றே பழைய பேப்பர்காரனிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கியிருந்தாள்.

வேறு வழியில்லாமல் செல்போன் ரிப்பேர் கடை மாரிக்கண்ணனைக் கூப்பிட்டார். அவன் வந்ததும் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றினான். வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு பட்டையைக் காட்டினான்.

"இதான் அண்ணாச்சி டிஸ்க்."

"இதுவா? சூயிங்கம் மாதிரில்லா இருக்கு. கழத்து வே, பாப்போம்."

கழற்றிக் கொடுத்தான். குருநாதன் அதைக் காதில் வைத்துக் கேட்டார். மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு என்ன தோன்றியதோ, லேப்டாப்பை எட்டி நிமிர்த்தி ஆன் செய்தார். டிஸ்க் இல்லை என்று திரையில் இங்கிலீஷில் வந்தது.

"பாத்தியா வே. இல்லைன்னு அதுவே சொல்லுது. நான் காலையிலயே சொன்னேன்."

"அண்ணாச்சி, அது உங்க கையிலல்லா இருக்கு."

மாரிக்கண்ணன் அதை வாங்கி மாட்டி, மூடி, ஆன் செய்தான். நோட்டீஸ் ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக் கொடுத்தபோது உள்ளே 'கடகட' என்றது.

குருநாதன் முகம் மலர்ந்தது. "வந்துட்டு வே சத்தம்."

"அது ஸ்க்ரூ, அண்ணாச்சி. ஒண்ணு உள்ள விழுந்துட்டு."

மறுபடி திறந்து எடுத்தான். குருநாதன் சோர்ந்து உட்கார்ந்தார். முத்துமாரியும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவுகளைச் சொல்லிக் குத்தமில்ல, மாரிக்கண்ணா. அந்தச் சத்தம் இல்லாம எனக்கே காபி போட நேரம் தெரிய மாட்டேங்கு. பிள்ளை மேஜைக்கடியில கெடந்தது, நாங்க ரெண்டு பேரும் கேட்டுக் கேட்டு வேலை செஞ்சது, எல்லாம் அதுலதான இருந்துச்சு."

"எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி. அந்தச் சத்தம் போடுற டிஸ்க் ஒண்ணு தேடிக் கொடு வே," என்ற குருநாதன், கண்ணை மூடி, பிசகில்லாமல் செய்து காட்டினார். "கர்ர்ர்... கடக்."

தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க அப்போதுதான் உள்ளே வந்த பக்கத்து வீட்டுக் கதீஜம்மாள், வாசலிலேயே நின்று சிரித்தாள்.

"என்ன அண்ணாச்சி, செவுத்துக்கு அங்கிட்டு ஓடுன எங்க பழைய தையல் மிஷின் மாதிரியே சத்தம் போடுதீக? போன மாசம் புதுசு வாங்குன பொறவு எனக்கே அந்தச் சத்தம் மறந்துபோச்சு."