உழுது மடக்கிய உலாவி

படித்தவன் செய்யும் தவறுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: அதற்கென ஒரு கொள்கையைக் கைவசம் வைத்திருப்பான். ஆயுள் முழுவதும் மண்ணியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடமும் அன்று ஒன்று இருந்தது.

என் மனைவி தையல்நாயகி பள்ளியில் கணினி ஆசிரியையாக இருந்தவள். திணறத் தொடங்கிய பழைய மடிக்கணினியை எறிய மனமின்றி, எளிய லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை அவளே அதில் நிறுவினாள். ("உங்களை மாதிரிதாங்க, சுமையைக் குறைச்சா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.") அவள் போன பிறகு அது என் மேசைக்கு வந்தது. இணைய உலாவியைத் திறந்தால், அவள் கடைசியாக விட்டுச்சென்ற பக்கங்கள் மேலே வரிசையாக நிற்கும். அவற்றை நான் மூடியதில்லை. திறந்து பார்த்ததும் இல்லை. ஓரத்தில் எனக்கென ஒரு பக்கம் திறந்து, செய்தி படித்துக்கொள்வேன்.

ஆடியில் அந்த உலாவி அடிக்கடி உறைந்து நிற்கத் தொடங்கியது. இன்னும் இலகுவான ஒன்று இருப்பதாகப் படித்தேன். சன்னலுக்கு வெளியே, ஒரத்தநாட்டுச் சாலை வரை வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வானம் முழுவதும் அதில் இறங்கிக் கிடந்தது. டிராக்டர் ஒன்று மேகங்களுக்கு நடுவே ஊர்ந்து, அறுத்த நெல்லின் பழைய தாளைச் சேற்றுக்குள் மடக்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பழையதை மடக்கி உழாமல் நடவு ஏது?

பழைய உலாவியை நீக்கினேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். "உறுதியா?" என்றது. உறுதி என்றேன். (வகுப்பில்கூட நான் அத்தனை உறுதியாகப் பேசியதில்லை.)

பிறகு புதியதைப் பதிவிறக்கச் சென்றேன். அதற்கு ஓர் உலாவி வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

தனியாகவே சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அவளுடைய பக்கங்கள் நினைவுக்கு வந்தன.

சென்னையிலிருக்கும் மகள் செல்வியை அழைத்தேன்.

"மீட்டிங்ல இருக்கேன்ப்பா. சீக்கிரம் சொல்லுங்க."

"பிரவுசரை எடுத்துட்டேம்மா."

"எங்க எடுத்தீங்க?"

"உழுதுட்டேன். புதுசு போடலாம்னு."

பின்னணியில் ஒரு கதவு சாத்தும் ஓசை.

"அம்மாவோட பேஜெல்லாம் அதுலதானேப்பா?"

"ஆமாம்மா."

"சரி, பதறாதீங்க. கமாண்ட் அடிக்கிற அந்தக் கறுப்பு விண்டோவைத் திறங்க. நான் சொல்றதை அப்படியே அடிங்க. முதல்ல அம்மாவோடது, அப்புறம் உங்க புதுசு."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். மீண்டும் கடவுச்சொல் கேட்டது. தட்டினேன். திரையில் ஒன்றும் விழவில்லை.

"கீபோர்டும் போயிடுச்சு போலிருக்கே."

"போகலப்பா. அங்க தெரியாது, ஆனா போய்ச் சேரும். அடிச்சு என்டரைத் தட்டுங்க."

இருளுக்குள் தட்டினேன். அவள் சொன்னதை நான் அன்று கணினிக்கு மட்டுமானதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வரிகள் ஓடி நின்றன. பழைய உலாவியைத் திறந்தேன். எதுவும் நடக்காததுபோல் அதே பக்கங்கள், அதே வரிசையில். நிரல்தான் போயிருந்ததாம், அவளுடையவை எல்லாம் வேறொரு கோப்புறையில் பத்திரமாக இருந்தனவாம்.

"நீங்க உழுதது மேலாகத்தான்பா. ஒரு வேர்கூட அறுபடல."

முதன்முறையாக அவற்றில் ஒன்றைச் சொடுக்கினேன். மேட்டூர் அணையின் நீர்மட்டம். பக்கம் ஒரு கணம் வெளுத்து, மீண்டும் வந்தது. அவள் அன்று திறந்த பக்கம், இன்றைய தண்ணீர்.

"என்னப்பா, என்ன பார்க்கிறீங்க?"

"தண்ணி ஏறியிருக்கும்மா" என்றேன்.

இப்போது இரண்டு உலாவிகளும் இருக்கின்றன. புதியதில் செய்தி, பழையதில் நீர்மட்டம். அதைத் தினமும் செல்விக்குச் சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டில் எது புதிதாக வாங்கினாலும், மாப்பிள்ளை பழையதைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டுத்தான் எனக்குச் சேதி சொல்கிறார்: "மாமா, நீங்க வந்தா உழுதுடுவீங்க."

அண்மையில் தஞ்சாவூரில் எனக்குப் புதுக் கண்ணாடி எடுக்கப் போனோம். கடை வாசலிலேயே செல்வி என் பழைய கண்ணாடியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும்ப்பா. உங்களை நம்ப முடியாது."

புதியதைத் தேர்ந்தெடுக்கும்படி கடைக்காரர் என் முன்னே வரிசையாகக் கண்ணாடிச் சட்டங்களை அடுக்கினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.