பலா மரத்துக்கு நான் கொடுத்த ஜாமீன்

அன்புள்ள அர்த்தனாரி மாமாவுக்கு,

சுமித்ரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அத்தை, ஆடுகள், நான் எல்லோரும் சுகம். வாசல் பலா மரத்தைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. போனில் பேசினால் அத்தை காதில் விழும், அதனால் கடிதம்.

போன வருடம் அத்தை கோடாலியோடு மரத்தின் முன் நின்று, "அடுத்த வருசமும் காய்க்காட்டி உன்னையக் கதவாக்கிப் போடுவேன்" என்று மிரட்டினார். காய்க்காத மரத்தை ஒருவர் மிரட்ட, இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டுமாமே. "விட்டுடுங்க அத்தை, காய்ச்சுரும்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். இந்த வருடமும் கிளைகளில் ஆண் பூக்கதிர்கள் மட்டும் வந்து, மகரந்தத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கறுத்து உதிர்ந்தன. அது நோயில்லை, அவற்றின் வேலை முடிந்தது, காயாவது பெண் கதிர்தான் என்று அத்தைக்கு விளக்கினேன். "ஏங்கண்ணு, உதுந்த பூவுல கொழம்பு வெக்கறதா?" என்றார். வெள்ளிக்கிழமை ராசு ஆசாரி மரத்தை அளக்க வருகிறார். மாமா, நீங்கள் ஆந்திராவில் போர்வெல் லாரியும் எஞ்சினுமாக ஊரையே எழுப்பி எடுக்கும் தண்ணீரை, இந்த மரம் இலைகளின் கண்ணுக்குத் தெரியாத துளைகளால் சத்தமில்லாமல் உச்சி வரை இழுக்கிறது. பனி இறங்கும் மாலைகளில் சருகு மேட்டில் கால் நீட்டி அண்ணாந்து கிடந்தால், அந்தத் தண்ணீரோடு நானும் மேலே போவதுபோல் இருக்கிறது. எங்கிருந்தோ ஒரு தேன் வாசனைகூட வருகிறது. சோளக்காட்டுச் சந்தையிலிருந்து காற்று கொண்டுவருகிறதோ என்னவோ. ஒரு வார்த்தை, வெட்ட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். லாரியில் உடன் வேலை செய்பவர்களுக்கும் என் வணக்கம்.

உங்கள் அக்கா மகள்,
சுமித்ரா

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஆசாரி இன்றே வந்துவிட்டார். அடிமரத்தை அளக்கச் சருகைத் தள்ளியவர், "அம்மிணி, கொஞ்சம் காலை எடுங்க" என்றார். நான் கால் நீட்டியிருந்தது மேடல்ல, வேரில் காய்த்த பலா. பாதி மண்ணுக்குள், பாதி சருகுக்குள், பழுத்து வெடித்திருந்தது. இத்தனை நாளும் நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தை அதே கோடாலியில் எண்ணெய் தடவிப் பழத்தைப் பிளந்து, முதல் சுளையை என்னிடம் நீட்டினார். "ஜாமீன் குடுத்தவ மொதல்ல தின்னு சாமி." ஒவ்வொரு சுளையும் ஒரு பூ என்று சொல்ல வாயெடுத்தேன், வாய் நிறைந்திருந்தது. ஆசாரி அரைப் பழத்தோடு போய்விட்டார். கதவுக்கு வேறு மரம் பாருங்கள்.