புகை விடாத வண்டி

தூமநாட்டில் ராஜாவும் உண்டு, தேர்தலும் உண்டு. ராஜா மாறமாட்டார், அமைச்சர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாற்காலி மாறி உட்காருவார்கள். வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தருவதில் அந்நாட்டுக்கென்று ஒரு முறை இருந்தது. வண்டியை உறுமவிட்டு, புகைக்குழாயின் வாயில் அரசு முத்திரையைக் காட்டுவார்கள். அதில் படியும் கரியே மை. அதைச் சான்றிதழில் குத்தினால் வேலை முடிந்தது.

பவுனுத்தாயின் பிக்கப் வண்டிக்கு வயது இருபத்தாறு. புகையை வெளியே விடுமுன் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் அதன் வயிற்றில் இன்னும் இருந்தது. பழைய வண்டிகளுக்கு அது தேவையில்லை என்று அரசாணை வந்ததும் ஊரே கழற்றி எடைக்குப் போட்டது. புதிய வண்டிகளின் மனம் நோகும் என்று அடுத்த ஆணை அவற்றுக்கும் விலக்கு அளித்தது. ஊர் இருமத் தொடங்கியபோது, பொது இடத்தில் இருமுவது அரசை அவதூறு செய்வதாகும் என்று மூன்றாவது ஆணை வந்தது.

பவுனுத்தாய் மட்டும் கழற்றவில்லை. செவ்வாய்தோறும் அவள் தெருவின் இளைப்பு நோயாளிகள் ஏழு பேரை மலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவது அவள்தான். அவள் போகாவிட்டால் அவர்களுக்கு வேறு நாதியில்லை. என்ன நெஞ்சழுத்தம் அந்தப் பொம்பளைக்கு!

ஆய்வாளர் மகுடேசன் முத்திரையை மூன்று முறை குழாயில் வைத்துப் பார்த்தார். கரி ஒட்டவில்லை.

"ஏம்மா, வண்டி ஓடுதா இல்லையா?"

"ஓடித்தானே சார் வந்துச்சு."

"ஓடுற வண்டின்னா கரி இருக்கணும். அந்தப் பெட்டியக் கழட்டிட்டு வா. இல்லேன்னா செவ்வாக்கிழமை பறிமுதல்."

"பின்னால உக்காந்து மூச்சு வாங்குறது நீங்க இல்லையே சார். கழட்ட மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலை, ஏழு பேரும் ஏறி உட்கார்ந்திருக்கும்போதே மகுடேசன் சாவியைக் கேட்டுக் கை நீட்டினார். போக்குவரத்து அமைச்சர் அகண்டவீரரே பறிமுதலைப் பார்வையிட வந்திருந்தார். முன்னும் பின்னுமாக வந்த பதினெட்டுக் கார்கள் விட்ட புகையில் அமைச்சருக்கு மூச்சு முட்டியது. அவர் இருமினார். அவதூறு வழக்கு எழுத யாரும் துணியவில்லை.

"அந்தப் புகையில்லாத வண்டிய எடுங்கய்யா," என்றார் அமைச்சர், முகம் நீலம் பாரித்து.

மகுடேசன் பவுனுத்தாயைப் பார்த்தார். அவள் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறச் சொல்லுங்க சார். கொஞ்சம் நெருக்கி உக்காரணும். அங்க போனா டோக்கன் வரிசை இருக்கு, இவங்க ஏழு பேருக்கு அப்புறந்தான் அவரு."

அமைச்சர் எட்டாவது ஆளாக உட்கார்ந்து, எட்டாவது ஆளாக மருந்து வாங்கி, உயிரோடு திரும்பினார். பறிமுதல் ரத்தானது. மறுநாளே முரசு அறைந்து புதிய ஆணை வந்தது: 'அமைச்சர் பெருமக்கள் ஏறும் வண்டிகளுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம், அவற்றுக்கு முத்திரை தேவையில்லை. மக்கள் வண்டிகளுக்குக் கன்வெர்ட்டர் எப்போதும்போல் அநாவசியம்.'

பவுனுத்தாய் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு தெருத்தெருவாகப் போய் வண்டிக்காரர்களிடம் பேசினாள். ஒரு மாதத்துக்குள் நானூறு வண்டிகளில் கன்வெர்ட்டர் ஏறிவிட்டது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'அமைச்சர் ஏறும் வண்டி' என்று பெயின்டில் எழுதியிருந்தது.

மகுடேசன் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"இது அரசை ஏமாத்துற வேல! இதுல எந்த வண்டியில எந்த அமைச்சர் ஏறினாரு?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க?" என்றாள் பவுனுத்தாய். "ஓட்டுக் கேட்டு வர்றப்ப எங்க வண்டியில ஏறி நின்னு கும்பிடாத அமைச்சர் ஒருத்தர் பேரச் சொல்லுங்க. அந்த எழுத்த நானே அழிச்சிடுறேன்."